எட்டு பாரை தாண்டாத பாட்டு

கேள்வி:

அண்ணா வணக்கம். நான் குரோம்பேட்டை. ஐடி சப்போர்ட்ல நைட் ஷிஃப்ட். ஒரு வருஷமா எஃப்எல் ஸ்டுடியோங்கற மியூசிக் சாஃப்ட்வேர்ல பாட்டு பண்றேன், ஆனா ஒண்ணு கூட முடிஞ்சதில்ல. போல்டர் ஃபுல்லா எட்டு பார், பதினாறு பார் (ஒரு பார்னா தாளத்தோட ஒரு சுத்து) பீட்டா கிடக்கு. தங்கச்சி கர்நாடிக் கத்துக்கிட்டவ, நல்லா பாடுவா, ஆனா என் ட்யூனை பாடச் சொன்னா மேல போறப்ப கத்துற மாதிரி ஆகிடுது. லேப்டாப்ல எட்டு ஜிபி ராம், ரெண்டு சிந்த் (சாஃப்ட்வேர் கீபோர்டு வாத்தியம்) சேர்த்தாலே கரகரன்னு சத்தம். மேக்புக் வாங்கிடலாமா? எந்த ப்ளகின் (கூடுதலா சேர்க்கற சாஃப்ட்வேர்) வாங்கணும்? மிக்ஸிங் கோர்ஸ் சேரலாமா?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்காரு)

பதில்:

தம்பி, மேக்புக் இப்ப வேணாம், ப்ளகினும் வேணாம். மிக்ஸிங் கோர்ஸ் கேக்கறீங்க, மிக்ஸ் பண்ண முதல்ல ஒரு முழு பாட்டு வேணுமே.

எஃப்எல்ல ஆரம்பிக்கிற நெறைய பேருக்கு இதே கதைதான். பேட்டர்ன் மோட்ல பீட் போட்டதும் அது சுத்திட்டே இருக்கும், கேக்கவும் நல்லாத்தான் இருக்கும், சரி கிக்கை மட்டும் மாத்தி பாப்போம்னு தோணும், அப்புறம் ஸ்னேருக்கு வேற சாம்பிள், அதுக்கு ஒரு ரிவெர்ப், மணி மூணாகிடும், பாட்டு எட்டு பார்லயே நிக்கும். கோடம்பாக்கத்துல ட்யூன் போடறவர் ஒருத்தர், ப்ரோக்ராமிங் ஒருத்தர், ரெக்கார்டிங், மிக்ஸிங்குக்கு வேற ஆளுங்க. நீங்க ஒத்தையாளா இதெல்லாம் பண்றீங்க, பண்ணலாம் தப்பில்ல, ஆனா எல்லாத்தையும் ஒரே ராத்திரில பண்ணாதீங்க. இன்னைக்கு ட்யூன்னா ட்யூன் மட்டும், ஈக்யூ (பேஸ், ட்ரெபிளை கூட்டி குறைக்கறது) பக்கம் கையே போகக்கூடாது.

இந்த வாரம் இதை பண்ணுங்க. போல்டர்ல இருக்கறதுலயே பிடிச்ச ஒரு எட்டு பாரை எடுங்க. டெம்போ 96, நாலு பீட் கணக்குன்னு வைங்க, எட்டு பார் சரியா 20 செகண்ட் வரும். எஃப்எல்ல முழு பாட்டையும் அடுக்கற ப்ளேலிஸ்ட்டுக்கு போய் அதை பத்து தடவை வரிசையா ஒட்டுங்க, 80 பார், 3 நிமிஷம் 20 செகண்ட். இப்ப புதுசா எதையும் சேர்க்காம அழிச்சுக்கிட்டே வாங்க. முதல் எட்டுல ட்ரம்ஸை எடுத்துட்டு பேடு (பின்னாடி நீளமா ஒலிக்கற சிந்த்) மட்டும் விட்டா அது இன்ட்ரோ. அடுத்த பதினாறு பல்லவி, அங்க மெயின் ட்யூன் வாசிக்கிற லீடு சிந்த்தை எடுத்துடுங்க, பாடற குரலுக்கு இடம் வேணும். அப்புறம் எட்டு பிஜிஎம், இங்க லீடு வரட்டும். சரணத்துக்கு பதினாறு, முதல் எட்டுல கிக் வேணாம், பேஸும் ஷேக்கரும் போதும். மறுபடி எட்டு பல்லவி, எட்டு பிஜிஎம், கடைசி பதினாறு பல்லவில எல்லாத்தையும் திறந்து விடுங்க. ஒரு மணி நேர வேலைதான். சவுண்ட் மட்டமா இருக்கும், இருக்கட்டும், ஆனா முதல் தடவையா முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஓடற ஒண்ணு கையில இருக்கும், எங்க போரடிக்குதுன்னு அப்பதான் காதுக்கு தெரியும்.

தங்கச்சி விஷயம்தான் எனக்கு முக்கியமா படுது. நீங்க வெள்ளை கட்டையில சி-ல ஆரம்பிச்சு போட்டிருப்பீங்க, அதுதானே கைக்கு ஈஸி. அதாவது கர்நாடிக் சுருதி கணக்குல ஒரு கட்டை. கர்நாடிக் கத்துக்கிட்ட பொண்ணுங்க பெரும்பாலும் அஞ்சு, அஞ்சரைல பாடறவங்க, ஒரு கட்டைல ச வெச்சா மேல பஞ்சமம் தொடறதுக்குள்ள தொண்டை இழுத்துக்கும், பாவம் அவ மேல என்ன தப்பு. அவகிட்டயே கேளுங்க, "உனக்கு எத்தனை கட்டை?" அஞ்சரைன்னா ஜி ஷார்ப், நீங்க நாலு செமிடோன், அதாவது கறுப்பு கட்டையும் சேர்த்து எண்ணி நாலு கட்டை, கீழ வரணும். மிடி நோட்ஸை, அதாவது நீங்களே போட்ட ஸ்வரங்களை, அப்படியே நகர்த்திடலாம், பிரச்சனையில்ல. ஆனா டவுன்லோட் பண்ண கிட்டார் லூப், வயலின் லூப் இதையெல்லாம் நாலு செமிடோன் இறக்கினா தொப்பை போட்ட மாதிரி ஆகிடும். அதனாலதான் பாடப்போறவங்க சுருதியை கேட்டுட்டு அப்புறமா ப்ராஜெக்ட்டை திறக்கணும்னு சொல்றது. இதை ஏன் ட்யூட்டோரியல்ல யாரும் சொல்றதில்லன்னு எனக்கு புரியல, அங்க பாடற ஆளே வர்றதில்லயோ என்னவோ.

கரகரப்புக்கு லேப்டாப்பை குறை சொல்றதுக்கு முன்னாடி ஆடியோ செட்டிங்ஸ்ல எஃப்எல் ஸ்டுடியோ ஆசியோங்கற சவுண்ட் டிரைவர் செலக்ட் ஆகியிருக்கா, பஃபர் (ஒரு தடவைக்கு ப்ராசஸர் தயார் பண்ற சாம்பிள் எண்ணிக்கை) எவ்வளவுன்னு பாருங்க. 44,100 சாம்பிள் ரேட்ல 128 வெச்சா தாமதம் 3 மில்லிசெகண்ட் பக்கம், கீ அமுக்கினதும் சத்தம் வரும், ஆனா ப்ராசஸருக்கு மூச்சு விட நேரமில்ல. 1024 வெச்சா 23 மில்லிசெகண்ட், வாசிக்கும்போது இழுக்கும், ஆனா கரகரப்பு பெரும்பாலும் போயிடும். வாசிக்கிறப்பவும் தங்கச்சி பாடறப்பவும் கம்மி, மத்த நேரம் அதிகம், அவ்வளவுதான். ஒரு சிந்த் பார்ட் முடிவாயிடுச்சுன்னா ஆடியோவா ரெண்டர் பண்ணிட்டு ஒரிஜினலை ஆஃப் பண்ணிடுங்க. லோடும் குறையும், நாளைக்கு மறுபடி அதை நோண்டவும் மாட்டீங்க, ரெண்டாவதுதான் எனக்கு பெரிய லாபமா தெரியுது.

குரல் எடுக்க ஸ்டுடியோ வேணாம், துணி நெறஞ்ச பீரோவை திறந்து வெச்சு அதைப் பார்த்து பாடச் சொல்லுங்க, எதிரொலி நல்லாவே குறையும். ஃபேனை நிறுத்தித்தான் ஆகணும், நம்மூர் வெயில்ல அது கொடுமைதான், நாலு நாலு வரியா எடுங்க, நடுவுல ஃபேன் போட்டுக்கங்க. ட்ரெயின் சத்தம் கேட்டா அந்த டேக்கை விட்டுடுங்க, அப்புறமா அந்த சத்தத்தை நீக்கிடலாம்னு நெனைக்காதீங்க. லெவல் உச்சத்துல மைனஸ் 10 டிபி வந்தா போதும், 24 பிட்ல எடுத்தா அது கம்மியே இல்ல. 50 ஹெர்ட்ஸ்ல ஊங்ன்னு ஹம் வந்தா சார்ஜரை கழட்டிட்டு பேட்டரில எடுத்து பாருங்க.

சேவ் பண்றப்ப எஃப்எல்ல கன்ட்ரோல் என் அமுக்குங்க, ஒவ்வொரு தடவையும் நம்பர் கூட்டி புது ஃபைலா வெச்சுக்கும். ஃபைனல், ஃபைனல் டூ, ரியல் ஃபைனல்னு பேர் வெக்கிற வேலை மிச்சம். சத்தமா வரலயேன்னு மாஸ்டர்ல லிமிட்டரை (சத்தத்தோட உச்சத்தை அமுக்கறது) போட்டு நசுக்காதீங்க, ஸ்பாட்டிஃபை எப்படியும் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்கு கேக்கற சத்தத்தோட அளவு) பக்கம் இறக்கிடும்.

காசு செலவு பண்ணியே ஆகணும்னு கை அரிச்சா ரிச்சி ஸ்ட்ரீட் போய் ராமை 16 ஜிபி ஆக்குங்க. போறதுக்கு முன்னாடி உங்க மாடல்ல ஸ்லாட் இருக்கான்னு பாத்துக்கங்க, சில லேப்டாப்ல ராமை போர்டோடவே சால்டர் பண்ணி விட்டுடறாங்க, கூட்டவே முடியாது.