ஏவி ரிசீவர் இருக்கும்போது தனியாக ஓர் ஆம்ப்ளிபையர் வாங்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் சொல்லும் விவரம் இது. கோவையில் புது வீடு கட்டுகிறார், இப்போது பூச்சு வேலை நடக்கிறது. ஹால் 14க்கு 18 அடி. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே சுமார் 10 அடி. 5.1 செட்டுக்கு (ஐந்து ஸ்பீக்கர், பேஸ் சத்தத்துக்கென்று ஒரு சப்வூஃபர்) ஸ்பீக்கரும் ரிசீவரும் பார்த்து வைத்துவிட்டார். கடையில், "தனி ஆம்ப் போடாம தியேட்டர் மாதிரி வராதுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா என்பது கேள்வி.

உங்கள் ஹாலுக்குத் தேவைப்படாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நானே இந்தப் பணத்தைச் செலவழிக்கும் வாசல் வரை போய்த் திரும்பி வந்தவன். பிறகு என் மச்சான் வீட்டில் தனி ஆம்ப் வாங்கியே ஆக வேண்டிய நிலைமையையும் பார்த்தேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்தால் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஏவி ரிசீவர் என்பது இரண்டு வேலையை ஒரே பெட்டிக்குள் செய்கிறது. டிவியிலிருந்தும் மற்ற கருவிகளிலிருந்தும் வரும் ஒலியைப் பிரித்து, எந்த ஸ்பீக்கருக்கு எது என்று பங்கிடுவது ஒன்று. அப்படிப் பங்கிட்டதை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்குப் பெருக்கி அனுப்புவது இன்னொன்று. இந்த இரண்டாவது வேலைதான் ஆம்ப்ளிபையர். ஆக ஆம்ப் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அது பத்துமா பத்தாதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

நான் ஆவாரம்பாளையத்தில் ஒரு பம்ப் பட்டறையில் டெஸ்டிங் பார்க்கிறேன். தோட்டத்துக்காரர் மோட்டார் கேட்டு வந்தால் நாங்கள் எடுத்தவுடன் எச்பி பேச மாட்டோம். போர் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, எத்தனை இன்ச் தண்ணி வேண்டும் என்று கேட்போம். இதெல்லாம் தெரிந்த பிறகு எச்பி தானாக வந்து நிற்கும். ஆம்ப் விஷயமும் அப்படித்தான். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி என்ன, எவ்வளவு தள்ளி உட்காருகிறீர்கள், எவ்வளவு சத்தமாகக் கேட்பீர்கள், இந்த மூன்றும் தெரியாமல் வாட்ஸ் பேசுவதில் அர்த்தமில்லை.

சென்சிட்டிவிட்டி என்பது, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் கேட்கிறது என்பது. ஸ்பீக்கரின் பின்னாலோ கையேட்டிலோ போட்டிருப்பார்கள். வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 85 முதல் 90 வரை இருக்கும். உங்களுடையது 87 என்று வைத்துக்கொள்வோம். பத்தடி என்றால் மூன்று மீட்டர். திறந்தவெளியில் அந்தத் தூரத்துக்கு ஒன்பது டெசிபலுக்கு மேல் குறையும். மூடிய அறையில் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருவதால் ஏழு என்று கணக்கு வைக்கலாம். ஆக ஒரு வாட்டுக்கு உங்கள் சோபாவில் 80 டெசிபல். பத்து வாட்டுக்கு 90. நூறு வாட்டுக்கு 100. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படம் பார்க்கும்போது வசனம் 65, 70 டெசிபலில் ஓடும், வெடிச் சத்தம் வரும்போது 90ஐத் தொடும். அப்படியானால் பெரும்பாலான நேரம் ஒரு வாட்டுக்கும் குறைவாகத்தான் செலவாகிறது.

இப்போது 100 வாட்ஸ் ரிசீவருக்குப் பதில் 200 வாட்ஸ் தனி ஆம்ப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். வாட்ஸ் இரட்டிப்பானால் கூடுவது மூன்று டெசிபல்தான். 100 என்பது 103 ஆகும். சத்தம் இரண்டு மடங்கு ஆனதுபோலக் காதுக்குத் தெரிய வேண்டுமென்றால் பத்து டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். கடையில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். அதை ஓட்டியது சின்ன ஆம்ப்தான், பழைய பேட்டரியில் ஓடும். பொழுதோட பாட்டுப் போட்டால் பக்கத்து ஊர்க் களத்துமேட்டில் கேட்கும். குழாய் வடிவத்துக்குச் சென்சிட்டிவிட்டி நூறு டெசிபலுக்கு மேல் என்பதால் கொஞ்சம் வாட்ஸே அவ்வளவு தூரம் போனது. சின்ன வயதில் அதை வியந்து பார்த்திருக்கிறேன், காரணம் புரிய இத்தனை வருடம் ஆனது.

சரி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஹால் உங்களுடையதைப் போலத்தான். ரிசீவர் இரண்டு சேனலுக்கு 80 வாட்ஸ் என்று கணக்குக் காட்டும் சாதாரண மாடல். மாட்டி ஒரு மாதம் ஆகியும் திருப்தி இல்லை. வசனம் புரியவில்லை என்று வீட்டில் சொல்வார்கள், சத்தத்தைக் கூட்டினால் சண்டைக் காட்சியில் காது கூசும். பவர் பத்தவில்லை என்று நானும் முடிவு கட்டி, காந்திபுரத்தில் ஒரு கடையில் மூன்று சேனல் ஆம்ப் விலை கேட்டுவிட்டு வந்தேன். ரிசீவரின் விலையைவிடக் கூட. வாங்குவதற்கு முன்னால் அளந்து பார்த்துவிடலாம் என்று பட்டறையிலிருந்து மல்டிமீட்டர் ஒன்றைக் கொண்டுவந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரிசீவரை அணைத்துவிட்டு, வசனம் வரும் சென்டர் ஸ்பீக்கரின் பின்னால் இரண்டு முனையிலும் மீட்டரின் கிளிப்பைக் கடித்து வைத்தேன். மீட்டரை ஏசி வோல்ட்டில், அதிகபட்ச அளவைப் பிடித்து வைக்கும் முறையில் போட்டேன். நாங்கள் வழக்கமாகக் கேட்பதைவிடக் கூடுதலாகச் சத்தம் வைத்து, லாரி கவிழும் காட்சி ஒன்றை ஓடவிட்டேன். வசனம் ஓடும்போது ஒன்று, ஒன்றரை வோல்ட் என்று ஆடிக்கொண்டிருந்தது. லாரி கவிழ்ந்தபோது பிடித்த அதிகபட்சம் 11 வோல்ட். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓம்ஸால் வகுத்தால் வாட்ஸ். என் ஸ்பீக்கர் 8 ஓம்ஸ், ஆக 121ஐ 8ஆல் வகுக்க, 15 வாட்ஸ். மீட்டர் கொஞ்சம் மந்தமானது, மின்னல் மாதிரி வந்து போகும் உச்சத்தை முழுசாகப் பிடிக்காது. உண்மையான உச்சம் அதைப்போல இரண்டு மடங்கு வோல்ட் என்று வைத்தால்கூட 60 வாட்ஸ்தான். என் ரிசீவரால் தாங்க முடிகிற அளவு.

நீங்கள் செய்வதாக இருந்தால் ஒன்று மட்டும் கவனம்: இரண்டு கிளிப்பும் ஒன்றோடொன்று உரசிவிடக் கூடாது. உரசினால் ஆம்ப் ஷார்ட் ஆகும். ஆகவே அணைத்துவிட்டே மாட்டுங்கள், அணைத்துவிட்டே கழற்றுங்கள்.

பவர் இருக்கிறது, ஆனாலும் வசனம் புரியவில்லை. அப்புறம்தான் ஹாலின் நடுவில் நின்று கை தட்டிப் பார்த்தேன். "டங்" என்று ஒரு வால் நீண்டு வந்தது. தரை முழுக்க வழுவழு டைல்ஸ், நாலு பக்கமும் வெறும் சுவர், ஜன்னலுக்கு மெல்லிய துணி. ஒவ்வொரு சொல்லும் சுவரில் மோதித் திரும்பி அடுத்த சொல்லின் மேல் விழுந்துகொண்டிருந்தது. இதற்கு எத்தனை வாட்ஸ் போட்டாலும் எதிரொலியும் சேர்ந்து கூடுமே தவிர வசனம் தெளியாது.

கரூரிலிருந்து கனமான திரைச்சீலை எடுத்து வந்து, ஜன்னலோடு நிறுத்தாமல் அந்தச் சுவர் முழுக்க மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டோம். சோபாவுக்கு முன்னால் பவானி ஜமுக்காளம் விரித்தோம். அது மெல்லியது, தனியாகப் போட்டால் கீச்சுச் சத்தத்தை மட்டும்தான் கொஞ்சம் குடிக்கும். அதனால் அடியில் ஒரு தடித்த விரிப்பையும் போட்டோம். சென்டர் ஸ்பீக்கர் அலமாரிக்குள் ஓரடி உள்ளே தள்ளி இருந்தது, அதை விளிம்புவரை முன்னால் இழுத்து, முகம் எங்கள் காதைப் பார்க்கும்படி முன்பக்கம் ஒரு சின்ன ரப்பர் துண்டு கொடுத்துத் தூக்கினேன். ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் "ஸ்மால்" என்று வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பேஸைச் சப்வூஃபர் பார்த்துக்கொள்ளட்டும் என்று பிரித்துவிட்டேன். சப்வூஃபருக்குச் சொந்த ஆம்ப் உள்ளேயே இருக்கிறது. அதிக பவர் தின்பது பேஸ்தான், அந்தப் பாரம் இறங்கியதும் ரிசீவர் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஓடுகிறது. அன்று ராத்திரி அம்மா, "இப்பத்தான் என்ன பேசறாங்கன்னு தெரியுது" என்றார். ஆம்ப்புக்கு ஒதுக்கிய பணத்தில் கால்வாசிகூடச் செலவாகவில்லை. மீதியில் பிறகு நல்ல சப்வூஃபராக மாற்றிக்கொண்டேன். அந்த மாற்றம் வீட்டில் எல்லோர் காதுக்கும் தெரிந்தது.

இனி மச்சான் வீடு. கோபி பக்கம் தோட்டத்துச் சாளை வீடு, பழைய ஆசாரக் கூடத்தை இடித்துவிட்டு இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே ஹாலாகக் கட்டியிருக்கிறார். 20க்கு 32 அடி. அவர் உட்காரும் நாற்காலி திரையிலிருந்து 18 அடி. ஸ்பீக்கர் ஆளுயர டவர், 4 ஓம்ஸ், சென்சிட்டிவிட்டி 85. சத்தமாகக் கேட்கிற மனுசர். "ஏனுங்க மாப்ள, நல்ல கட்டத்துல டப்புனு நின்னு போகுது, என்னன்னு பாருங்க" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ரிசீவர் புரொடக்‌ஷனுக்குப் போகிறது, அதாவது கெட்டுப்போகாமல் இருக்கத் தானாகவே அணைந்துகொள்கிறது. மேல்தகட்டில் கை வைத்தால் இரண்டு நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை.

முதலில் கரண்ட்டைத்தான் சந்தேகப்பட்டேன். த்ரீ பேஸ் வந்து சுற்றியுள்ள தோட்டத்து மோட்டார்கள் ஓட ஆரம்பித்ததும் அவர் வீட்டு மீட்டர் 190 காட்டியது. 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 என்றால் ஆறில் ஒரு பங்கு குறைந்ததாகத் தெரியும். ஆனால் சாதாரண டிரான்ஸ்பார்மர் வைத்த ஆம்ப்பில் வோல்ட் குறைந்தால் கிடைக்கக்கூடிய வாட்ஸ் அதன் வர்க்கத்தில் குறையும். மூன்றில் ஒரு பங்கு பவர் அங்கேயே போய்விட்டது. சர்வோ ஸ்டெபிலைசர் போட்டோம். கொஞ்சம் மேம்பட்டது, ஆனாலும் வாரம் ஒருமுறை நின்றது.

கணக்குப் போட்டால் காரணம் புரிந்துவிடும். அவ்வளவு தூரத்தில் ஒரு வாட்டுக்குக் கிடைப்பது 75 டெசிபல் அளவுதான். என் வீட்டில் 15 வாட் கேட்கும் சத்தத்துக்கு அங்கே கிட்டத்தட்ட 50 வாட் வேண்டும், அவர் அதைவிடச் சத்தமாகக் கேட்பவர். 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் அதே வோல்ட்டில் 8 ஓம்ஸைப்போல இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். ஒரு ரிசீவருக்குள் ஏழு சேனலுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர், ஒரே பவர் சப்ளை. இங்கே நான் தயங்காமல் தனி ஆம்ப் வாங்கச் சொன்னேன். முன் இரண்டு டவருக்கும் சென்டருக்குமாக மூன்று சேனல் ஆம்ப், 4 ஓம்ஸுக்கு 300 வாட்ஸ் தருவது. பின்பக்க ஸ்பீக்கர்களை ரிசீவரே பார்த்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு ஒருமுறைகூட நின்றதில்லை.

அவர் ரிசீவரில் ப்ரீ அவுட் இருந்ததால்தான் இது முடிந்தது. பின்பக்கம் ஒவ்வொரு சேனலுக்கும் சின்ன வட்டச் சாக்கெட் இருக்கும், ஆம்ப்புக்குப் போகும் ஒயர் அதில்தான் மாட்டும். குறைந்த விலை ரிசீவர்கள் பலவற்றில் சப்வூஃபருக்கு மட்டும்தான் அது இருக்கும். அப்படிப்பட்டதை வாங்கிவிட்டுப் பிறகு ஆம்ப் சேர்க்க நினைத்தால் ரிசீவரையே மாற்ற வேண்டி வரும்.

கூரையிலும் ஸ்பீக்கர் வைத்து அட்மாஸ் போடுகிறவர்களுக்கு வேறு வழியில்லாத நேரமும் உண்டு. சில ரிசீவர்கள் பதினோரு சேனலைப் பிரித்துத் தரும், ஆனால் உள்ளே ஒன்பது ஆம்ப்தான் இருக்கும். மீதி இரண்டுக்கு வெளியே ஆம்ப் வேண்டும். அதேபோல இளையராஜா பாட்டை ஸ்டீரியோவில் கேட்பதற்கென்றே நல்ல ஆம்ப் ஏற்கெனவே வைத்திருந்தால், அதில் ஹோம் தியேட்டர் பைபாஸ் (ரிசீவரிலிருந்து வரும் ஒலியை அப்படியே பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் வழி) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முன் ஸ்பீக்கரை இரண்டுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது பெட்டியில் உள்ள வாட்ஸைப் பார்த்து மயங்காதீர்கள். "150 வாட்ஸ்" என்று பெரிதாகப் போட்டு, கீழே பொடி எழுத்தில் 6 ஓம்ஸ், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு), ஒரு சேனல் என்று இருக்கும். 8 ஓம்ஸ், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல் ஓடும்போது என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய பவர்) போடாமல் பிஎம்பிஓ (ஒரு நொடிப்பொழுது உச்சம்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்த எண்ணை வைத்து எதையும் கணக்குப் போட முடியாது.

பூச்சு வேலை நடக்கும் இந்த நேரத்தில் உங்களுக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. மச்சான் வீட்டில் ஆம்ப் வைத்த அன்றைக்கு ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல். ஆம்ப்பின் பிளக்கை ஒரு சுவரிலும் ரிசீவரின் பிளக்கை எதிர்ச் சுவரிலும் மாட்டியிருந்தோம், இரண்டு எர்த்துக்கும் நடுவே சின்ன வித்தியாசம். இரண்டையும் ஒரே போர்டில் மாட்டியதும் நின்றது. அதனால் டிவி சுவரில் ஒரே போர்டில், ஒரே எர்த்தில் ஆறு சாக்கெட்டாவது வைக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் ஒயருக்குக் கரண்ட் ஒயர் போகாத தனிப் பைப் போட்டு, பின்பக்க மூலைகள் இரண்டுக்கும் இழுத்துவிடுங்கள். ரிசீவர் வைக்கும் அலமாரிக்கு மேலேயும் பின்னாலேயும் காற்றுப் போக அரையடி விடுங்கள். ப்ரீ அவுட் உள்ள ரிசீவர் உங்கள் பட்ஜெட்டுக்குள் வந்தால் அதையே எடுங்கள். குடிபோன பிறகு மூன்று மாதம் கேட்டுப் பார்த்துவிட்டு, குறை இருந்தால் ஸ்பீக்கர் மாடலையும் உட்காரும் தூரத்தையும் இங்கே எழுதுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.