பிரிக்கிற வில்லா, ஒற்றை வில்லா?

நீடாமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்: "வயது 29. பழைய பாணி வில்வித்தை கற்க ஆசை. ஞாயிறுதோறும் பஸ்ஸில் தஞ்சாவூர் போய்ப் பழகப் போகிறேன். வில் விற்பவர், ஒரே துண்டாகச் செய்த ஒன் பீஸ்தான் அசல் பாரம்பரியம், கழற்றி மாட்டுகிற டேக்டவுன் எல்லாம் பொம்மை என்று சொல்லி 45 பவுண்டு வில்லைக் காட்டுகிறார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள் தம்பி. ஒன் பீஸ் என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த 45-க்காகச் சொல்கிறேன். நாணை 28 அங்குலம் இழுத்துப் பிடிக்கும்போது விரலில் ஏறும் பளு அது, ஏறக்குறைய 20 கிலோ. ஓர் அரிசிச் சிப்பத்தில் கொஞ்சம்தான் குறைவு, அதை மூன்று விரலில் ஒரு காலையில் நூறு தடவை இழுக்க வேண்டும். தோள் போகும், அதற்கு முன்னால் குறி போகும். முதல் வில் 25 பவுண்டு, நல்ல உடல்வாகு என்றால் 30, அதற்கு மேல் வேண்டாம். கைகளை விரித்து நடுவிரல் நுனியிலிருந்து நுனி வரை அளந்து இரண்டரையால் வகுத்தால் உங்கள் இழுப்பு தோராயமாக வந்துவிடும். அது 28 இல்லாமல் 26 அங்குலம் என்றால் 30 பவுண்டு வில்லும் உங்களுக்கு 25 சொச்சம்தான். இந்தக் கணக்கைச் சொல்லாமல் எண்ணைக் காட்டி மயக்குகிறவரிடம் அம்பு கூட வாங்காதீர்கள்.

டேக்டவுனின் நன்மையும் இங்கேதான். நடுவே கைப்பிடி, மேலும் கீழும் லிம்ப், அதாவது வளைகிற கைகள், திருகிக் கழற்றலாம். ஆறு மாதத்தில் தோள் பழகியதும் 30, அப்புறம் 35 என்று லிம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒன் பீஸில் வில்லையே விற்றுவிட்டு வேறு வாங்க வேண்டும், விற்கப் போனால் உங்களுக்கு விற்றவரே பாதி விலை சொல்வார். கழற்றினால் இரண்டடிப் பைக்குள் அடங்கும். ஐந்தரை அடி ஒற்றை வில்லை அம்மாப்பேட்டைக் கூட்டத்தில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பது உங்கள் பாடு. பாரம்பரியம் என்றால் குறிபார்க்கும் கருவியும் கப்பியும் இல்லாமல் எய்வது, திருகு இருந்தால் தீட்டில்லை. ஒற்றை வில் லேசு, சத்தம் குறைவு, அழகு. என்னிடமும் ஒன்று உண்டு. ஆனால் முதல் வில்லாக இல்லை.

டேக்டவுனிலும் ஏமாற்று உண்டு. "இந்த மாடலுக்கு 30, 35 பவுண்டு லிம்ப் தனியாகக் கிடைக்குமா, இன்றைக்கே காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஐ.எல்.எஃப் என்கிற பொதுப் பொருத்து வகையானால் வேறு கம்பெனி லிம்பும் பொருந்தும். சாதாரணத் திருகு வகையில் ஒன்றின் லிம்ப் இன்னொன்றில் உட்காரும் என்று நம்ப முடியாது. மாற்று லிம்ப் கிடைக்காத டேக்டவுன் வெறும் விலை கூடிய ஒன் பீஸ்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொன்னது செல்லாது. போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால், அதுவும் இந்தியன் ரவுண்ட் என்கிற நம் நாட்டுப் போட்டிப் பிரிவில், அங்கே மூங்கில் வில்தான், 30 மீட்டரும் 50 மீட்டரும். ஃபைபர் (கண்ணாடியிழை) லிம்ப் வைத்த வில்லைக் கொண்டுபோய் நின்றால் எய்யும் கோட்டுக்கே விட மாட்டார்கள். திரும்பவும் சொல்கிறேன்: பிரிக்கிறதா ஒற்றையா என்பதல்ல, எதனால் செய்தது என்பதுதான் அங்கே முதல் கேள்வி. பணம் கட்டும் முன் மாவட்ட வில்வித்தைச் சங்கத்தில் விதித்தாளைக் கேட்டு வாங்குங்கள், வாய்ச்சொல் வேண்டாம். கேட்டால் தருவதற்குள் அடுத்த போட்டியே வந்துவிடும், அது வேறு கதை. சங்கத்தார் சான்றிதழுக்கு ஓடுகிற வேகத்தில் பாதியை விதியைச் சொல்லித் தருவதில் காட்டினால் இத்தனை பேர் தவறான வில்லோடு திரும்ப மாட்டார்கள்.

கொக்கு, மடையான் அடிக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, வில்லோடு உள்ளே போவீர்கள்.

பழைய வில் கிடைத்தால் நாணேற்றி, ஒரு முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் நாண் வழியே பாருங்கள். இரண்டு லிம்பின் நடுவிலும் நாண் ஓட வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் லிம்ப் முறுக்கிக்கொண்டது. டேக்டவுன் என்றால் லிம்ப் விலையைக் கழித்துப் பேசுங்கள், ஒன் பீஸ் என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.