ஃப்ளிங்கில் பஃபர் டைம்அவுட்டை 0 ஆக்கியதும் த்ரூபுட் (செகண்டுக்கு ஓடும் ரெக்கார்டு எண்ணிக்கை) விழுந்துவிட்டது, ஏன்?

லேட்டன்சி (ரெக்கார்டு போய்ச் சேரும் தாமதம்) குறையும் என்று யாரோ சொல்லி, 100 மில்லிசெகண்டாக இருந்ததை 0 ஆக்கியிருப்பீர்கள். எந்த லோடில், எத்தனை பேரலலிசத்தில் (ஒரே வேலையை எத்தனை சப்டாஸ்க்காகப் பிரித்து ஓட்டுவது) என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த வகை அறிவுரையைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

ஓடிவரும் டேட்டாவைப் ப்ராசஸ் செய்யும் அப்பாச்சி ஃப்ளிங்க், நெட்வொர்க்கில் அனுப்பும் ரெக்கார்டுகளை 32 கேபி பஃபரில் சேர்க்கும். பஃபர் நிறைந்தாலோ டைம்அவுட் வந்தாலோ அனுப்பும். ரெக்கார்டு 200 பைட் என்றால் ஒரு பஃபருக்குச் சுமார் 160. ஒரு சேனலில் (இரண்டு சப்டாஸ்க்குக்கு இடையிலான பாதை) செகண்டுக்கு 1,600க்கு மேல் ஓடினால் 100 மில்லிசெகண்டுக்குள் தானாகவே நிறைந்துவிடும், டைம்அவுட்டுக்கு வேலையே இல்லை. ஆனால் ரெக்கார்டுகளைக் கீ வாரியாகப் பிரித்தனுப்பும் கீபைக்குப் பிறகு பேரலலிசம் 50 என்றால் ஒவ்வொரு சப்டாஸ்க்கிலிருந்தும் 50 சேனல் பிரியும். அத்தனையும் அந்த வேகத்தில் நிறைய, ஒரு சப்டாஸ்க்கே செகண்டுக்கு 80,000 தள்ள வேண்டும்.

0 வைத்தால் ரெக்கார்டுக்கு ஒரு ஃப்ளஷ். நெட்வொர்க் வேலையைப் பார்க்கும் நெட்டி த்ரெட் கிடைத்ததைத் துண்டு துண்டாக அனுப்பும். அடி விழுவது வாங்கும் பக்கத்தில். 1.5 பதிப்பிலிருந்து அங்கே கிரெடிட் கணக்கு, அதாவது வாங்குபவரிடம் காலி பஃபர் இருக்கும் அளவுக்கே அனுப்பலாம்: டீஃபால்ட்டாக சேனலுக்கு 2 பஃபர் சொந்தம், கேட்டுக்கு (சப்டாஸ்க்குக்குள் சேனல்கள் வந்து சேரும் வாசல்) பொதுவில் 8. வருவது 200 பைட் துண்டானாலும் ஒரு முழு பஃபர், ஒரு கிரெடிட் காலி. ஒரு தேங்காய்க்கு ஒரு லாரி பிடித்த கதை. கிரெடிட் தீர்ந்தால் அனுப்புபவர் காத்து நிற்க வேண்டியதுதான்.

5 அல்லது 10 மில்லிசெகண்ட் வையுங்கள். 0க்கும் இதற்கும் லேட்டன்சியில் பெரும்பாலான ஜாபுகளுக்கு வித்தியாசம் தெரியாது. பங்குச் சந்தை ஜாப் என்று யாராவது சண்டைக்கு வந்தால், அவர்களுக்கு ஃப்ளிங்கே சரியான இடமா என்று முதலில் யோசிக்கட்டும்.

அதோடு pipeline.generic-types: false போட்டு ஓட்டிப் பாருங்கள். டேட்டாவைப் பைட்டாக்கும் மெதுவான பொதுக் கருவியான க்ரையோவுக்கு நழுவும் டைப் இருந்தால் எக்ஸெப்ஷன் வரும். ஃபில்டரையும் வேண்டாத ஃபீல்டை வெட்டுவதையும் கீபைக்கு முன்னால் கொண்டுவாருங்கள். ரெக்கார்டுகளைச் சமமாகப் பங்கிட்டு அனுப்பும் ரீபேலன்ஸைக் காரணமில்லாமல் போட்டிருந்தால் எடுங்கள்; அதன் இரு பக்க ஆபரேட்டரும் (ப்ராசஸிங் படிகள்) ஒரே செயினில் சேர்ந்து அந்த இடத்தில் நெட்வொர்க்கே தேவைப்படாது, பேரலலிசம் மட்டும் சமமாக இருக்க வேண்டும்.

"மெஷினைக் கூட்டு" என்று மேனேஜர் சொல்வார். பேரலலிசம் 50ஐ 100 ஆக்கினால் மொத்த சேனல் 2,500இலிருந்து (50×50) 10,000. வரும் டேட்டா அதேதான் என்பதால் ஒவ்வொரு பஃபரும் நிறைய நான்கு மடங்கு நேரம். க்ளவுட் பில்லும் ஏறும்.

ஃப்ளிங்குக்குப் பதில் காஃப்கா ஸ்ட்ரீம்ஸ் போதுமே என்று கமென்ட் போட வருபவர்களுக்கு: அதில் கீ மாற்றினால் டேட்டா ரீபார்ட்டிஷன் டாபிக் வழியாக காஃப்கா சர்வரான ப்ரோக்கருக்குப் போய்த் திரும்ப வேண்டும். அது வேறு கணக்கு.

கடைசியாக வெப் யுஐயில் பாருங்கள். முன்னால் இருப்பவை பேக்பிரஷரில் (அடுத்த படி வாங்காததால் அனுப்ப முடியாமல்) நிற்க, எந்த ஆபரேட்டர் 100 சதவீதம் பிஸி? அது ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் டேட்டாபேஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால், டைம்அவுட்டை எவ்வளவு நோண்டினாலும் வீண்.