வெளிநாட்டில் கல்யாணம் பண்ண 'தடையின்மைச் சான்றிதழ்' எதற்கு?

நீங்கள் இப்போது யாருக்கும் கணவனோ மனைவியோ இல்லை, மணம் செய்ய சட்டப்படி தடை எதுவும் இல்லை என்று உங்கள் சொந்த நாடு எழுதித் தரும் காகிதம்தான் இது. உள்ளூர்க்காரர் என்றால் பதிவாளர் தன் ஆவணங்களிலேயே பார்த்துவிடுவார். வெளிநாட்டுக்காரரின் வயது, பழைய திருமணம், விவாகரத்து எல்லாம் வேறு நாட்டின் பதிவேட்டில் இருக்கும், அதைப் பதிவாளரால் திறந்து பார்க்க முடியாது. வேலை மாறும்போது புது கம்பெனி பழைய இடத்திலிருந்து ரிலீவிங் லெட்டர் கேட்கிறதே, அதே கதைதான்.

எல்லா நாடும் இதைத் தருவதில்லை. அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் ஒரே திருமணப் பதிவேடு கிடையாது, அதனால் அந்நாட்டவர் பல இடங்களில் சத்தியப் பிரமாணப் பத்திரம் கொடுக்கிறார்கள்.

சான்றிதழ் கையில் வந்தாலும் வேலை முடியாது. அது போலி இல்லை என்று காட்ட, 1961 ஹேக் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளுக்குள் 'அப்போஸ்டில்' என்ற அரசு முத்திரை போதும், மற்ற இடங்களில் தூதரகம் வரை அலைய வேண்டும். அப்புறம் மொழிபெயர்ப்பு, அதுவும் பல நாடுகளில் அங்கீகாரம் பெற்றவர் செய்தால்தான் செல்லும். பெரும்பாலும் சில மாதங்களில் சான்றிதழ் காலாவதியாகிவிடும் என்பதால் ரொம்ப முன்னாடியே வாங்கி வைப்பதும் வீண்தான்.

பலர் நினைப்பதுபோல, அந்த நாட்டுக்காரரை மணந்த உடனே குடியுரிமையோ விசாவோ தானாக வந்துவிடாது, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.