விழுந்த டைல்ஸைக் குப்பை வண்டியில் போடாதீர்கள்

கேள்வி: தஞ்சாவூரில் புது வீடு கட்டினோம். வீடு முழுக்க டைல்ஸ் ஒட்டும் வேலையை லேபர் கான்ட்ராக்டாக 1,20,000 ரூபாய்க்குப் பேசிக் கொடுத்தேன். சாமான் எல்லாம் நான் வாங்கிக் கொடுத்தது. 95,000 கொடுத்துவிட்டேன், 25,000 பாக்கி. எட்டாவது மாதம், சம்பந்தி வீட்டார் வந்திருந்த அன்று, பாத்ரூம் சுவரில் 2க்கு 1 அடி விட்ரிஃபைடு டைல்ஸ் 9 விழுந்து மானம் போயிற்று. மீதியும் தட்டினால் பொக்கென்கிறது. டைல்ஸ் மட்டம் என்கிறார் கான்ட்ராக்டர். ஒட்டியது மட்டம் என்கிறார் கடைக்காரர். இப்போது கான்ட்ராக்டர் போனையே எடுப்பதில்லை. டைல்ஸ் ஒட்டும் பசையான கம் போட்டு ஒட்டலாம் என்று அவர் வாட்ஸ்அப்பில் சொன்னார்தான்; வீட்டில் சிமெண்ட் மீதி இருந்ததால் அதிலேயே ஒட்டச் சொன்னேன். திரும்ப ஒட்ட வேறொருவர் 42,000 கேட்கிறார். கான்ட்ராக்டர், கடைக்காரர், டைல்ஸ் கம்பெனி மூவர் மேலும் கேஸ் போட்டு 5 லட்சம் கேட்கலாமா?

பதில்: சம்பந்தி வந்ததும் போன் எடுக்காததும் வழக்கு ஆகாது. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரி: கம் வேண்டாம், சிமெண்டிலேயே ஒட்டுங்கள் என்று நீங்கள் எழுதிய அந்த வாட்ஸ்அப்.

விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரே குடிக்காது. உறிஞ்சுதல் அரை சதவீதத்துக்கும் கீழே. சாதாரண செராமிக் சுவர் டைல்ஸை ஊறவைத்து ஒட்டினால் சிமெண்ட் பால் அதன் முதுகுக்குள் இறங்கிப் பிடிக்கும். விட்ரிஃபைடில் இறங்க இடமே இல்லை. காயும்வரை நிற்கும், பிறகு வெந்நீர்ச் சூட்டிலும் ஈரத்திலும் சுவர் ஒரு பக்கம், டைல்ஸ் ஒரு பக்கம் என்று அசைந்து விட்டுவிடும். இதைக் கான்ட்ராக்டர் முன்பே சொல்லியிருக்கிறார், நீங்கள் மறுத்திருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டப்போவது அதைத்தான். அழித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அது அவர் போனிலும் இருக்கிறது. மறைத்து மனுப்போட்டு அவர்கள் அதைத் தாக்கல் செய்தால், நீங்கள் சொல்லும் மற்றதையும் நுகர்வோர் ஆணையம் நம்பாது.

அதனால் வழக்கு செத்துவிட்டதா? அதற்கு விழுந்த டைல்ஸைத் திருப்பி முதுகைப் பாருங்கள். முதுகு பளிச்சென்று இருந்து, பதிந்த வரிகளோடு கலவை முழுசாகச் சுவரிலேயே நின்றால், தோற்றது நீங்கள் தேர்ந்தெடுத்த சிமெண்ட். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக ஐந்து திட்டு, இடையில் வெற்றிடம் என்றால் அது அவருடைய கைவேலைக் குறை. எந்தக் கலவையானாலும் அப்படி ஒட்டக் கூடாது. கலவை சுவரில் நிற்காமல் டைல்ஸோடு பெயர்ந்து வந்து, சுவர் வழவழவென்றோ புட்டியாகவோ தெரிந்தால், கொத்து விடாமல் வழவழ பூச்சின்மேலோ புட்டியின்மேலோ ஒட்டியிருக்கிறார். முதுகில் வெள்ளைப் பொடி அப்படியே இருந்தால் துடைக்காமல் ஒட்டியது. பின்னால் மூன்றில் எது தெரிந்தாலும் உங்களுக்கு வழக்கு உண்டு. முதலாவது மட்டும்தான் என்றால் விட்டுவிடுங்கள்.

என்னிடம் வழக்கோடு வரும் கட்சிக்காரர்கள் குழியில் விழுவது இங்கேதான். பாத்ரூம் இல்லாமல் எத்தனை நாள் என்று அடுத்த வாரமே புது ஆளை வைத்துச் சுவரைப் பெயர்த்து ஒட்டிவிடுவார்கள். உடைந்தது குப்பை வண்டியில் போய்விடும். பிறகு நாலு போட்டோவோடு வருவார்கள், எல்லாம் டைல்ஸின் முகத்தை எடுத்தவை. முதுகைக் காட்டும் படம் ஒன்று இருக்காது. குறையை நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுப்பவருடையது. ஆய்வுக்குச் சுவரே இல்லாதபோது ஆணையம் அனுப்பும் ஆணையர் வந்து என்ன பார்ப்பார்?

ஆகவே சுத்தியல் எடுக்கும் முன்: காசால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டி, பொக்கென்பதைச் சாக்பீஸால் குறியிட்டு, சுவர் முழுதும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். விழுந்த 9இல் குறைந்தது 4ஐ முதுகோடு பத்திரப்படுத்துங்கள்; அந்த இடத்துச் சுவரையும் அளவு டேப் வைத்துப் படம் எடுங்கள். கான்ட்ராக்டருக்குப் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ்: 15 நாளில் இந்தத் தேதியில் கூட்டாகப் பார்வையிட வாருங்கள், வராவிட்டால் பொறியாளரை வைத்துப் பதிவு செய்து சரிசெய்வேன், செலவு உங்கள்மேல். வரமாட்டார், பரவாயில்லை. சிவில் இன்ஜினியரிடம் கையெழுத்திட்ட அறிக்கை வாங்குங்கள். ஒட்டிய முறை, காரணம் இரண்டும் அதில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு சுவரையாவது தொடாமல் விட்டுவையுங்கள். வாட்ஸ்அப் பதிவை முழுதாக அச்சிட்டு, பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் எழுப்பும் இன்னொரு வாதம்: இது லேபர் வேலை, சேவையே அல்ல. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(42) பிரிவில், ஒருவரிடம் ஆளாக வேலைசெய்யும் ஒப்பந்தம் சேவையில் சேராது. தினக்கூலிக்கு மேஸ்திரி வைத்து நீங்கள் நின்று வேலை வாங்கியிருந்தால் தலைவலிதான். மொத்தமாக ஒரு தொகை பேசி, ஆட்களும் முறையும் அவருடையது என்பதால் உங்களுடையது நிற்கும். ஆனால் வாய்ப்பேச்சாக இருக்கக்கூடாது. மொத்தத்தொகை காட்டும் ஒரு ரசீது, ஜிபே பதிவு, அவர் கைப்பட எழுதிய கணக்கு, ஏதாவது ஒன்று வேண்டும். பாக்கி வைத்திருப்பதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று ஆகாது. பாதி கொடுத்து பாதி தர ஒப்புக்கொண்டவரும் நுகர்வோர்தான்.

கடைக்காரரையும் கம்பெனியையும் சேர்க்காதீர்கள். டைல்ஸில் விரிசலோ வளைவோ இல்லாதபோது அவர்கள்மேல் குறை காட்ட முடியாது. மூவரும் ஒருவர்மேல் ஒருவர் சுமத்தி வாய்தா வாங்குவார்கள்.

5 லட்சத்தை மறந்துவிடுங்கள். 42,000இல் கையிலிருக்கும் 25,000 போனால் 17,000 ரூபாய்ச் சண்டை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் ஆணையத்தில் கட்டணம் இல்லை, உண்மைதான். இன்ஜினியர், வக்கீல், அலைச்சல் மட்டும் இலவசம் இல்லை. வாட்ஸ்அப்பையும் வைத்துக்கொண்டு பார்த்தால் பேசி முடிப்பதே லாபம்.

இப்படிப் பேசுங்கள்: கூலி அவர்; டைல்ஸும் கம்மும் நீங்கள். பழைய கலவையைச் சுரண்டி, சுவரைக் கொத்திக் கழுவ வேண்டும். ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர எண்ணில் டைப் 2 அல்லது அதற்கு மேல், விட்ரிஃபைடுக்கு என்று மூட்டையிலேயே அச்சிட்ட கம். 3 மி.மீ. கனத்துக்கு 20 கிலோ மூட்டை சுமார் 45 முதல் 50 சதுர அடி வரும். பல் கரண்டியால் சுவரில் இழுத்து, டைல்ஸ் முதுகிலும் மெல்லிய பூச்சு. 20 நிமிடத்தில் ஒட்ட முடிகிற அளவுக்கே தடவ வேண்டும், தோல் கட்டியபின் ஒட்டினால் மறுபடியும் விழும். டைல்ஸ்களுக்கு இடைவெளி விட 2 மி.மீ. ஸ்பேசர். அந்த இடைவெளியை அடைக்கும் கிரவுட் மறுநாள்.

25,000இல் பாதியை ஒட்டி முடித்ததும், மீதியை ஒரு மாதம் கழித்துக் காசால் தட்டிப் பார்த்தபின் கொடுங்கள். அதற்கு முன் இனி எந்தப் பாக்கியும் கோரிக்கையும் இல்லை என்ற காகிதம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வந்து ஒட்டித் தருகிறேன் என்ற பேச்சை நம்பி இப்படிக் கையெழுத்திட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம். அவர் இழுத்தடித்தால், குறை தெரிந்த நாளிலிருந்து 2 ஆண்டு என்பதை நாள்காட்டியில் எழுதிவையுங்கள். நோட்டீஸ் அனுப்பினாலும் அடுத்த மாதம் வருகிறேன் என்று அவர் சொன்னாலும் அந்தக் காலம் ஒரு நாள்கூட நீளாது.