ஸ்டீபன் கரி மாதிரியே ஜம்ப் ஷாட் போடப் பழகலாமா?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் வீரர் கரியின் வீடியோக்களைப் பார்த்து, எம்பியபடி பந்தைக் கூடைக்குப் போடும் அந்த ஜம்ப் ஷாட்டை அப்படியே போட முயல்வதாகவும், பந்து மட்டும் கூடையின் வளையமான ரிம்மில் பட்டுத் தெறிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல்தான் இங்கே கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அந்த நிலைமையில்தான் இருந்தேன்.

பழகலாம், தாராளமாக. ஆனால் வீடியோவில் முதலில் அவர் காலைப் பாருங்கள், கையை அப்புறம் பார்க்கலாம். முன்னாள் என்.பி.ஏ. வீரர் ரே ஆலன் போன்றவர்கள் எழும்பி, உச்சியை நெருங்கியபிறகு பந்தை விடுவார்கள். கரி மேலே போய்க்கொண்டிருக்கும்போதே விட்டுவிடுவார். முழங்கால் நிமிரும் விசை எங்கும் நிற்காமல் இடுப்பு, தோள், மணிக்கட்டு என்று ஏறிப் பந்துக்குப் போய்விடுகிறது. 1.88 மீட்டர் உயரமுள்ளவர் மூன்று புள்ளிக்கான 7.24 மீட்டர் கோட்டுக்கு வெகுதூரம் பின்னால் நின்றும் சிரமமில்லாமல் போடுவது அதனால்தான். பாதங்களும் ரிம்மை நேராகப் பார்க்காது, சற்று இடப்பக்கம் திரும்பியிருக்கும். அப்படி நின்றால் வலது தோளும் முழங்கையும் தானாகவே ரிம்முக்கு நேரே வந்துவிடும்.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. ஸ்லோ மோஷனில் அவர் விரல்களை மட்டும் பார்த்து இரண்டு வருடம் பழகினேன். விட்ட பந்தெல்லாம் வலப்பக்கமே போனது. குறியை இடப்பக்கம் தள்ளி வைத்துச் சமாளித்தேன், அது இன்னும் கெடுத்தது.

ஒருநாள் கோர்ட்டில் எனக்கு ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் தெறிக்கும் பந்தை, எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஓர் அண்ணன், "தம்பி, இடது கட்டைவிரலைக் காட்டு" என்றார். விரலின் உள்பக்க ஓரம் சிவந்து காய்த்துப் போயிருந்தது. பந்தைத் தாங்கி மட்டும் இருக்க வேண்டிய இடது கை, கடைசி நொடியில் கட்டைவிரலால் அதை வலப்பக்கம் தள்ளியிருக்கிறது. இரண்டு வருடமாக, ஒவ்வொரு ஷாட்டிலும்.

அவர் கறுப்பு டேப் ஒன்றை எடுத்துப் பந்தின் நடுவில் ஒரு சுற்று ஒட்டி, அந்தக் கோடு ரிம்மைப் பார்க்கும்படி பிடித்துப் போடச் சொன்னார். சுழற்சி சரியாக இருந்தால் கோடு சக்கரம் மாதிரி நேராக நிற்கும். என் பந்தில் அது, தரையில் விழுந்த தட்டு அடங்கும் முன் தள்ளாடுமே, அப்படித் தள்ளாடியது. நான் உடைந்து போய்விட்டேன்.

அன்றிலிருந்து நான்கு மாதம் ரிம்முக்கு ஒரு மீட்டர் முன்னால் நின்று ஒரே கையால் போட்டேன். கோடு நேராக நின்றால்தான் ஓரடி பின்னால் போகலாம். பின்னால் போகப் போக பந்து தாழப் பறப்பதும் அப்போதுதான் தெரிந்தது. ரிம்மின் விட்டம் 45.7 சென்டிமீட்டர், பந்து ஏறத்தாழ 24. பந்து 30 டிகிரியில் சரிந்து வந்தால், அதற்குத் தெரியும் வாய் 23 சென்டிமீட்டர்கூட இல்லை. 45 டிகிரியில் வந்தால் 32. காலில் விசை இல்லாதவன் தூரத்திலிருந்து போட்டால் பந்து தாழத்தான் போகும். அதனால்தான் கால், கால் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அந்த மாதங்களில் என் ஆட்டம் படுத்துவிட்டது, அணியில் இடமும் போனது. கரிக்கும் இதே நடந்திருக்கிறது என்பதுதான் எனக்கு ஆறுதல். பள்ளி நாள்களில் இடுப்புப் பக்கத்திலிருந்து பந்தைத் தூக்கி எறிந்துகொண்டிருந்த அவரை, என்.பி.ஏ.வில் 16 சீசன் ஆடிய அப்பா டெல் கரி, தலைக்கு மேலிருந்து விடும்படி மாற்றினார். அந்தக் கோடையில் ரிம்முக்கு முன்னால் வண்ணம் பூசிய பெயிண்ட் பகுதிக்கு வெளியே இருந்து போடவே முடியாமல் தவித்தாராம். 2015-16 சீசனில் அந்த மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 402 த்ரீ பாயிண்டர்கள் போட்டது அதே கைதான்.

"அவரவர் உடம்புக்கு ஏற்ற ஷாட்தான் சரி, கரியை எதற்குக் காப்பி அடிக்க வேண்டும்" என்று சிலர் கமெண்டில் வருவார்கள். நானும் அதை மறுக்கவில்லை. நான் தொழில்முறை வீரனும் இல்லை, கோச்சும் இல்லை. ஆனால் யாரும் சொல்லித்தராத பையன் கண்ணெதிரே இருக்கும் சிறந்த ஆளைப் பார்த்துத்தானே தொடங்க முடியும்?

யாரும் சொல்லித்தரவில்லை என்பதை நான் லேசாகச் சொல்லவில்லை. வகுப்பிலேயே உயரமானவன் நான். அதனாலேயே எங்கள் கோச் முதல் நாளே, "நீ ரிம்முக்குக் கீழ நில்லு, வர்ற பந்தைப் பிடி, ஷூட் பண்றது உன் வேலை இல்லடா" என்றார். குட்டைப் பையன்களுக்கு ஷூட்டிங் பயிற்சி நடக்கும்போது நான் ரீபவுண்ட் எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் ஜெர்மனியிலிருந்து என்.பி.ஏ.வுக்கு வந்த டிர்க் நோவிட்ஸ்கியின் உயரம் 2.13 மீட்டர். 2011 என்.பி.ஏ. இறுதித் தொடரின் சிறந்த வீரர் அவர், ஜம்ப் ஷாட்டாலேயே ஜெயித்தவர். உயரமான பையன் என்றால் சுவர் மாதிரி நிறுத்திவிட்டால் போதும் என்று நினைக்கும் கோச்சுகள் இன்னும் இருக்கிறார்கள். கேள்விக்கு இதில் நேரடிச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் ஷாட்டுக்கு வருவோம். முடிந்தால் ஒரு வீடியோ எடுத்துப் போடுங்கள், பக்கவாட்டிலிருந்து, பாதம் தெரியும்படி. பந்தில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.