சூடான, குளிர்ந்த இரு காற்று ஜெட்கள் (துளையிலிருந்து பீறிட்டு வரும் தாரைகள்) கலக்கும்போது சராசரி வெப்பநிலையை மட்டும் அளந்தால் போதுமா?

போதாதுங்க. ஒரு புள்ளியில் சராசரி 40 டிகிரி என்று வந்தால், அங்கே உண்மையிலேயே 40 டிகிரிக் காற்று இருக்கலாம். 50-ம் 30-ம் மாறி மாறிக் கடந்துபோயும் இருக்கலாம். இரண்டாவதில் சுழல்கள் கிளறிவிட்டதோடு சரி, கலக்கவே இல்லை. ஏற்ற இறக்கத்தைப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

கிண்டியில் படித்தபோது 1 மி.மீ. உறை போட்ட தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் உலோகக் கம்பி முனை) வைத்தேன். திரையில் கோடு சாதுவாக நேராகப் போனது. தலைமுடியைவிட மெல்லிய, உறையில்லாத தெர்மோகப்பிள் கம்பிக்கு மாற்றியதும் அதே இடத்தில் ரம்பப் பல்லாகத் துள்ளியது. தடித்த முனை சூடாகி ஆறுவதற்குள் சுழல் போய்விடுகிறது.

வெப்பம் எவ்வளவு பரவுகிறது என்று அறிய, அதே புள்ளியில் வேகத்தையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். இரண்டின் ஏற்ற இறக்கங்களையும் பெருக்கிச் சராசரி எடுத்து, சராசரி வெப்பநிலைச் சரிவால் (தூரத்துக்கு ஏற்ப அது மாறும் வீதம்) வகுத்து, குறியை மாற்றினால் கொந்தளிப்புப் பரவல் எண், அதாவது சுழல்கள் வெப்பத்தைப் பரப்பும் அளவு, கிடைக்கும். காற்றின் மூலக்கூறு வெப்பப் பரவல் விநாடிக்குச் சுமார் 0.2 சதுர செ.மீ.தான், இது அதைவிடப் பல மடங்கு.

இன்னொன்று: இரு ஜெட்களும் நடுக்காற்றை இழுப்பதால் அங்கே அழுத்தம் குறைந்து, ஒன்றை நோக்கி ஒன்று வளையும். ஜெட் வெளிவரும் துளைக்கு நேரே மட்டும் அளக்காதீர்கள்.

சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் வேக ஈனுலைக்காரர்களுக்கு (திரவச் சோடியத்தால் குளிர்விக்கப்படும் அணு உலை) இது முக்கியம். வெவ்வேறு சூட்டில் வரும் சோடியம் ஓட்டங்கள் இப்படித் துள்ளினால், உலை மையத்துக்கு மேலே உள்ள எஃகு திரும்பத் திரும்பச் சூடாகி ஆறுவதால் களைத்து விரிசல் விடும்.